ஏட்டிலிருந்து கணினித் திரைக்கு

ஓர் ஊரின் பெயரிலே அவ்வூரின் சரித்திரம் உறங்கிக் கிடக்கும் என்பர். பேராறு எதுவும் பாயாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே எமது ஊர் ‘ஆறு’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கருணாகரத் தொண்டைமான் என்னும் சோழர் தலைவன் இந்நீர்வழியை வெட்டுவித்துக் கடலோடு இணைத்தான் என்றும், அதனால் இது தொண்டைமானாறு ஆயிற்று என்றும் கர்ணபரம்பரை கூறும். செல்வச் சந்நிதிக்கு வரும் அடியார்கள் இப்பெயரை அறிவர். எமதூர் வெளிக்கள நிலையம் நடத்தும் பரீட்சைகளின் வாயிலாக வடக்கிலுள்ள மாணவர்களும் இப்பெயரை அறிவர். இத்துணைப் பேர் அறிந்த பெயரைக் கணினி அறியாது விழித்த நிகழ்ச்சி ஒன்றே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

இம்மலருக்குரிய வேலைகளைத் தொடங்கியபொழுது மன்றத்தின் பழைய மலர்களைத் தேடினோம். இடப்பெயர்வுகளிலும் கறையானின் வாயிலும் அச்சுப் பிரதிகள் பல அழிந்துவிட்டன. ஆயினும் 2003 ஆம் ஆண்டளவிலே தட்டச்சுச் செய்யப்பட்ட மலர் ஒன்றின் கோப்புகள் இறுவட்டு ஒன்றிற் சேமிக்கப்பட்டிருந்தன. எமதூர்க் கரையையும், அங்கே நின்ற வள்ளங்களையும், அவற்றை ஓட்டிய தண்டயல்மாரையும் பற்றி, இன்று எம்மோடு இல்லாத பெரியார் ஒருவர் எழுதிய கட்டுரை அதிலே இருந்தது. ஆவலோடு திறந்தோம். திரையிலே தோன்றியது தமிழன்று. ‘என், ஜே, எச், இசெட்’ என ஆங்கில எழுத்துக்களும், இடையே ஓர் அரைப்புள்ளியும், பின்னும் ‘ஐ, எல், கே, எச், டி, எச், டபிள்யூ’ எனப் பொருளற்ற எழுத்துக் குவியலுமே தோன்றின.

அருகிலிருந்த முதியவர் ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “இதென்ன தம்பி, இங்கிலீசோ?” என்று வினவினார்.

“இல்லை ஐயா, இது எங்கட ஊர்ப் பேர்தான்” என்றான் கணினி முன்னிருந்த இளைஞன்.

அவன் கூறியது முற்றிலும் உண்மை. அந்தப் பன்னிரண்டு குறிகளும் ‘தொண்டைமானாறு’ என்னும் சொல்லையே குறித்தன. அவை எவ்வாறு அப்படியாயின, அவற்றை மீட்பது எங்ஙனம் என்பவற்றை அறிய வேண்டுமாயின், தமிழெழுத்து ஏட்டிலிருந்து திரைக்கு வந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1. ஏடும் அச்சும்

எழுத்து என்பது ஓர் உடன்பாடு. எழுதுவோனும் படிப்போனும் இன்ன வடிவம் இன்ன ஒலியைக் குறிக்கும் என ஒத்துக்கொண்டாலன்றி எழுத்தினாற் பயனில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்தது. ஆயினும் ஓலையிலே எழுத்தாணியாற் புள்ளியிட்டால் ஓலை துளைபடும். ஆகவே ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஏட்டில் வேறுபாடின்றி நின்றன; காலும் ரகரமும் ஒரே வடிவில் இருந்தன. ‘கொடு’ என்பதோ ‘கோடு’ என்பதோ எனப் படிப்போனே இடம்நோக்கித் துணிய வேண்டியிருந்தது. குருவின் அருகிருந்து ஏடு வாசிக்கப் பழகியவனுக்கு அது கைவந்தது. ஏனையோருக்கு ஏடு ஊமையாய் இருந்தது.

1578 இலே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவு வகுத்தார். நல்லூர் ஆறுமுக நாவலர் 1849 இலே அச்சியந்திரம் ஒன்றை வருவித்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் பொடிபட்டு அழிதல் கண்டு வருந்தி, 1881 இல் வீரசோழியத்தையும் 1887 இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். இப்பெரியோர்கள் ஏட்டின் ஊகத்தை நீக்கி, யாவரும் ஒருபடித்தாகப் படிக்கத்தக்க எழுத்தை எமக்குத் தந்தனர். ஏட்டிலிருந்து அச்சுக்கு மாற்றப்படாத நூல்கள் பல மறைந்தொழிந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அச்சுக்கு அடுத்து வந்தது தட்டச்சு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 இற் பிறந்து மலாயா சென்று வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப் போற்றப்படுபவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களையும் ஆங்கிலப் பொறியின் சில விசைகளுக்குள் அடக்குவது எளிதன்று. கொம்பு, கால், புள்ளி முதலியவற்றைத் தனித்தனி விசைகளாக்கி, அவற்றைக் கூட்டி உயிர்மெய்களை அமைக்கும் வழியிலே தமிழ்த் தட்டச்சுப் பலகை வளர்ந்தது. ‘தொ’ என்று அடிக்க வேண்டுமாயின், முதலிற் கொம்பு, பின்பு தகரம், ஈற்றிற் கால் என மூன்று விசைகளைத் தட்டுதல் வேண்டும். கையால் எழுதும் ஒழுங்கும் அதுவே. இவ்வொழுங்கை வாசகர்கள் மனத்திற் கொள்வாராக. பின்னர் இது வேண்டப்படும்.

2. எண்ணாகிய எழுத்து

கணினிக்கு எழுத்துத் தெரியாது. அது எண்ணையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வழங்கி, அந்த எண்களையே சேமித்து வைத்தல் வேண்டும். இன்ன எழுத்துக்கு இன்ன எண் என்னும் அட்டவணையே குறியேற்றம் எனப்படும். 1963 இலே அமெரிக்காவில் ‘ஆஸ்கி’ என்னும் அட்டவணை வெளியாயிற்று. அதிலே இருந்த இடங்கள் 128. ஆங்கில எழுத்துக்கள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள், இயந்திரத்துக்குரிய ஏவல்கள் ஆகியவற்றுடன் அவ்விடங்கள் நிரம்பிவிட்டன. பின்பு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என வைத்து 256 இடங்களாக விரித்தபொழுது, மேற்பாதியை மேலைத்தேய மொழிகள் தத்தம் தேவைக்கு எடுத்துக்கொண்டன. தமிழுக்கென்று அங்கே இருக்கை இடப்படவில்லை.

இருக்கை இல்லாதபோது எம்மவர் செய்த யுக்தி யாது? எண்ணை மாற்றாமல் அதன் உருவத்தை மாற்றினார்கள். ஆங்கிலச் சிறிய ‘ஜே’ என்னும் எழுத்தின் எண் 106. அவ்வெண் வரும்போது ‘ஜே’ வடிவத்தை வரையாது தகர வடிவத்தை வரையும் எழுத்துரு ஒன்றை ஆக்கிவிட்டால், கண்ணுக்குத் தமிழ் தோன்றும். கணினியோ தான் ஆங்கிலத்தையே காட்டுவதாக எண்ணியிருக்கும். இலங்கையிலே பெருவழக்குப் பெற்ற ‘பாமினி’ எழுத்துரு இவ்வகையினதே. தட்டச்சுப் பொறியில் எந்த விசையில் எந்தத் தமிழெழுத்து இருந்ததோ, பாமினியிலும் பெரும்பாலும் அவ்விசைக்குரிய ஆங்கில எண்ணே அவ்வெழுத்துக்கு வாய்த்தது. தட்டச்சுப் பயின்ற பிள்ளைகள் புதிதாய் ஒன்றும் பயிலாமலே கணினியின் முன் அமரக் கூடியதாயிற்று. அச்சகங்களும் பாடசாலைகளும் மன்றங்களும் அதனால் அடைந்த நன்மை பெரிது. பாமினியை இகழ்வது எமது நோக்கமன்று. அஃது இல்லாதிருப்பின் எமது மலர்கள் பல வெளிவந்தேயிரா.

ஆயினும் அதிலே ஒரு குறை மறைந்திருந்தது. கோப்பினுள்ளே இருப்பது ஆங்கில எண். தமிழென்பது எழுத்துருவின் முகமூடி மாத்திரமே. பாமினி இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். எமது ஊர்ப் பெயரை மீண்டும் நோக்குக. ‘என்’ என்பது கொம்பு. ‘ஜே’ என்பது தகரம். ‘எச்’ என்பது கால்: இம்மூன்றும் சேர்ந்து ‘தொ’. ‘இசெட்’ என்பது ணகரம். அரைப்புள்ளி அதன்மேற் புள்ளி. ‘ஐ’யும் ‘எல்’லும் சேர்ந்து ‘டை’. ‘கே, எச்’ என்பன ‘மா’. ‘டி, எச்’ என்பன ‘னா’. பெரிய ‘டபிள்யூ’ ‘று’. மலாயாவிலே ஒரு யாழ்ப்பாணத்தவர் இட்ட வித்து, எழுபதாண்டு கழித்து எமது இறுவட்டிலே இப்படி முளைத்து நின்றது!

3. பலர் பல வழி

1985 முதல் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் செயலியை வளர்த்து வந்தார். சுவிற்சர்லாந்திலே வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாய் வழங்கினார். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995 இலே அந்நாட்டுக் கவிதைகளை வலையேற்றிய முயற்சியில் தமிழுக்கு இடம் தேடிக் கொடுத்தார். தமிழை வலையிலே காணவேண்டும் என்னும் தாகம் முதலிற் பொங்கியது கடல்கடந்து வாழ்ந்த தமிழரிடத்தே என்பது கவனிக்கத்தக்கது. ஊரையும் உறவையும் பிரிந்தவருக்கு எழுத்தே ஊராயிற்றுப் போலும்.

ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வோர் அட்டவணையைக் கொண்டிருந்தது. ஒரு பத்திரிகையின் பக்கத்தைப் படிக்க ஓர் எழுத்துரு. மற்றொன்றைப் படிக்க வேறோர் எழுத்துரு. வலைப்பக்கத்தைத் திறக்குமுன் “எமது எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்க” என்னும் அறிவித்தல் வாசலிலே நிற்கும். 1997 அளவில், பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் முறை உலாவிகளிலே வந்தது. நெட்ஸ்கேப் உலாவிக்கு ஒருவகையும் இன்ரநெற் எக்ஸ்புளோரருக்கு வேறொரு வகையுமாக அதனையும் இரு கூறாகச் செய்ய வேண்டியிருந்தது.

இந்நிலையைக் கண்டு 1997 இலே சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடியது. அக்காலத்தில் உலகெங்குமிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே வாதித்து ‘திஸ்கி’ என்னும் பொது அட்டவணையை வகுத்தனர். கீழ்ப்பாதி 128 இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டு, மேற்பாதியிலே தமிழை அமர்த்தியமையால், ஒரே பக்கத்தில் இருமொழியும் இடரின்றி நின்றன. 1999 இலே சென்னையிற் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டு அரசு ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரண்டு அட்டவணைகளையும் ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ஏற்றது. ஒன்றாக வேண்டியது இப்படி மூன்றாயிற்று. 2000 இலே ‘உத்தமம்’ என்னும் உலக அமைப்பு இவற்றை ஆராயத் தோன்றியது.

திஸ்கியை உலாவிகள் தமிழென்று அறிந்துகொள்ளவில்லை. ‘பயனர் வரையறுத்தது’ என ஒரு பொதுப் பெயரைப் பக்கத்தின் தலையில் எழுதி, உலாவியின் அமைப்பிலே அப்பெயருக்குத் திஸ்கி எழுத்துருவைப் படிப்போரே பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 2007 இலே திஸ்கி உலகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஆனால் அதற்குள் காலம் மாறிவிட்டது.

4. ஒருங்குறி

உலகிலுள்ள எல்லா மொழிகளுக்கும் ஒரே அட்டவணை வகுப்போம் என்னும் முயற்சியின் பயனாக 1991 இலே ‘யுனிகோட்’ வெளியாயிற்று. தமிழிலே இதனை ஒருங்குறி என்பர். முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசு 1988 இல் வகுத்த ‘இஸ்கி’ என்னும் அமைப்பைப் பின்பற்றி அவை அடுக்கப்பட்டன. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே வடமொழி வர்க்க எழுத்துக்களுக்குரிய இருக்கைகள் தமிழில் வெறிதே கிடப்பதற்கு இதுவே காரணம்.

இவ்வமைப்பைக் குறைகூறிய அறிஞரும் உளர். 247 எழுத்துக்களுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2010 இலே தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியோடு அத்தகைய தனி அட்டவணை ஒன்றையும் ஏற்றது. இருப்பினும் வலையுலகில் நிலைபெற்றது ஒருங்குறியே. விண்டோஸ் 2000 என்னும் இயக்குதளம் ‘லதா’ எழுத்துருவோடு தமிழைத் தன்னுள்ளே கொண்டு வந்தமை அதற்குப் பெருந்துணையாயிற்று. பொதுவான ஓர் அட்டவணை குறையுடையதாயினும், குறையற்ற பத்து அட்டவணைகளிலும் நன்று என்பதையே இவ்வரலாறு காட்டுகின்றது.

ஒருங்குறியின் உட்பொருள் ஒன்றை இங்கே விளக்குதல் தகும். அது எழுத்தின் வடிவத்துக்கு எண் தருவதன்று. எழுத்துக்கே எண் தருவது. எமதூர்ப் பெயரிலுள்ள ‘னா’வை எடுத்துக்கொள்வோம். பழைய மலர்களிலே அது சுழியோடு கூடிய ஒற்றை வடிவமாக அச்சாகியிருக்கும். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1935 முதல் தம் பத்திரிகையிற் கையாண்ட சீர்திருத்தத்தை 1978 இலே தமிழ்நாட்டு அரசு ஏற்றது. அதனால் மாறிய பதின்மூன்று எழுத்துக்களில் ‘னா’வும் ஒன்று. இன்று அதனை னகரமும் காலுமாகப் பிரித்து எழுதுகிறோம். ஒருங்குறியில் இரண்டு வடிவுக்கும் எண்கள் அவையே. எழுத்துருவை மாற்றினால் பழைய வடிவமும் காணலாம், புதிய வடிவமும் காணலாம்; உள்ளிருக்கும் பெயர் மாறாது.

‘தொ’ என்பதும் அவ்வாறே. பாமினியிற் கொம்பு முன்னும் தகரம் நடுவும் கால் பின்னுமாக மூன்று எண்கள் இருந்தன. ஒருங்குறியில் முதலில் தகரம், அதன் எண் 2980. அடுத்து ஒகர உயிர்க்குறி, அதன் எண் 3018. ஒலிக்கும் முறையே எண்ணின் முறை. கொம்பை முன்னே கொண்டுவந்து காலைப் பின்னே வைத்து வரைதல் கணினியின் வேலை. உலாவியினுள்ளே இதற்கென ஒரு பகுதி இருக்கின்றது. அப்பகுதி செம்மையாய் அமையாத பழைய உலாவிகளிலே கொம்பு இடம் தவறி நின்றதைப் பலர் கண்டிருப்பர்.

5. உலாவி படிக்கும் முறை

ஒருங்குறியின் எண்கள் பெரியவை. அவற்றைப் பைட்டுகளாகப் பிரித்து எழுத ஒரு முறை வேண்டும். 1992 செப்ரெம்பரிலே கென் தொம்சன், றொப் பைக் என்னும் இருவரும் அமெரிக்காவின் நியூஜேர்சியில் உணவகம் ஒன்றில் உண்ணும்போது, மேசைமேல் விரித்திருந்த தாளிலே தொம்சன் வகுத்த முறையே ‘யூ.ரி.எவ்-8’ எனப்படுவது. அம்முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழெழுத்துக்கு மூன்று பைட். எந்தத் தமிழெழுத்தும் 224 என்னும் எண்ணோடே தொடங்கும். தகரமாயின் 224, 174, 164 என்னும் மூன்றும் சேர்ந்து வரும். ‘தொண்டைமானாறு’ என்பதன் பன்னிரண்டு குறிகளும் 36 பைட்டுகளாய் நிற்கும்.

இனி உலாவி செய்வது யாது? அதற்கு வந்து சேர்வது எண் வரிசை மாத்திரமே. இவ்வரிசை எந்த அட்டவணைப்படி எழுதப்பட்டது என்பதை அது முதலில் அறிய வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் ஒருங்குறிக்குரிய அடையாளக் குறி உண்டோ என நோக்கும். இன்றேல், பக்கத்தை அனுப்பும் சேவையகம் அதனைச் சொல்லிற்றா எனக் கேட்கும். அதுவும் இன்றேல், பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அட்டவணையின் பெயர் எழுதப்பட்டுள்ளதா எனத் தேடும். ஒன்றும் கிட்டாவிடின், குருவின்றி ஏடு வாசிக்கப் புகுந்தவன் போல ஊகிக்கத் தொடங்கும். ஊகம் தவறி மேலைத்தேய அட்டவணையை எடுத்துக்கொண்டால், 224 என்பது தலையிற் கீறு கொண்ட ஆங்கில ‘ஏ’ ஆகும். 174 என்பது வட்டத்துள் அடைபட்ட ‘ஆர்’ ஆகும். 164 ஒரு நாணயக் குறியாகும். எழுதியவரும் பிழைசெய்யவில்லை, எண்களும் கெடவில்லை. சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லாது விட்டமையே கேடு.

ஆகவே திரையிலே தமிழ் கெட்டுத் தோன்றும்போது மனம் சோர வேண்டியதில்லை. நோயின் குறியைக் கொண்டு நோயை அறியலாம். கீறு கொண்ட ‘ஏ’யும் வட்டத்துள் ‘ஆர்’ உம் அடிக்கடி வந்தால், உள்ளே இருப்பது நல்ல ஒருங்குறித் தமிழ். உலாவி வேறு அட்டவணைப்படி படிக்கின்றது. வெறும் பெட்டிகள் தோன்றினால், எண்கள் சரி. தமிழ் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துக்கள் பொருளின்றிக் குவிந்திருந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது, மாற்றிக்கொள்ளலாம். இம்மூன்றும் தீர்க்கத்தக்கவை. ஆனால் எழுத்துக்குப் பதிலாகக் கேள்விக்குறிகளே வரிசையாய் நின்று, கோப்பும் அவ்வாறே சேமிக்கப்பட்டிருந்தால், அங்கே எழுத்து உண்மையாகவே அழிந்துவிட்டது. ஒவ்வோர் எழுத்தும் ஒரே குறியாய் மாறியபின் எது எதுவென அறிவார் எவர்?

6. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

ஒருங்குறி வந்ததனால் இடரெல்லாம் தீர்ந்தன என எண்ணுதல் தவறு. ‘ஔவையார்’ என எழுதும்போது சிலர் ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ முன்னையது ஔவையார். பின்னையது வேறொரு சொல். தேடுவோருக்கு அப்பாட்டியார் அகப்படார். கால் இடவேண்டிய இடத்தில் ரகரத்தை இடுவாரும் உளர். ஏட்டுக் காலத்து மயக்கம் இன்னும் எம்மை விட்டபாடில்லை.

‘ஸ்ரீ’ என்பதும் அத்தகையதே. 2005 இலே ஒருங்குறியில் ஶகரம் என்னும் கிரந்த எழுத்துச் சேர்க்கப்பட்டபின், ஸகரத்தோடு எழுதிய ஸ்ரீ ஒன்றும் ஶகரத்தோடு எழுதிய ஸ்ரீ மற்றொன்றுமாக இரண்டு வழிகள் உண்டாயின. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். கோயில் விஞ்ஞாபனங்களையும் மலர்களையும் வலையேற்றுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. ஒரு வழியைத் தெரிந்துகொண்டு அதனையே எங்கும் கைக்கொள்ளல் வேண்டும்.

7. எமது கடன்

1981 இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. அந்நெருப்பை நாடே கண்டது, உலகே கேட்டது. ஆனால் அலுமாரியிற் கிடக்கும் இறுவட்டு உரியுங்கால் புகை எழுவதில்லை, ஓசையும் கேட்பதில்லை. திறக்கும் வழி அறிந்தவர் மறைந்தபின், எரிந்த நூலுக்கும் திறக்கவியலாத கோப்புக்கும் வேறுபாடு யாது? நெருப்பைத் தடுக்க எம்மால் இயலாமற் போயிற்று. இதனைத் தடுத்தல் எமது கையிலேயே உள்ளது.

வழிகாட்டியோர் உளர். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் தட்டச்சிட்ட தமிழ் நூல்களை முதலிலே திஸ்கியிலும் பின்பு ஒருங்குறியிலும் தந்தது. திஸ்கியின் அட்டவணை யாவரும் அறிய வெளியிடப்பட்டிருந்தமையால் அம்மாற்றம் எளிதாயிற்று. 2003 இலே தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. 2005 இலே தோன்றிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் மலர்களையும் தேடித் தேடிச் சேர்த்து வருகின்றது. புலம்பெயர்ந்த ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் ஆக்கிய ‘பொங்குதமிழ்’ என்னும் மாற்றி, பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிற் கிடந்த எழுத்தை ஒருங்குறிக்கு மாற்ற எத்தனையோ பேருக்கு உதவியது.

எமது இறுவட்டுக்கும் அத்தகைய மாற்றி ஒன்றையே துணைக்கொண்டோம். கணப்பொழுதிலே ஆங்கிலக் குவியல் தமிழாயிற்று. ஆயினும் வேலை அத்தோடு முடியவில்லை. இடையே வந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழென்றே எண்ணி உருக்குலைத்திருந்தது. சில இடங்களிற் கொம்பு தவறியிருந்தது. வள்ளத்தின் உறுப்புக்களைக் குறிக்கும் பழைய சொற்கள் சரியோ பிழையோ என இளைஞருக்குத் தெரியவில்லை. அப்பொழுது அந்த முதியவரையே மீண்டும் அழைத்தோம். இளைஞன் வாசிக்க, அவர் கேட்டுத் திருத்தினார். மூன்று மாலைப்பொழுதிற் கட்டுரை முழுதும் மீண்டது. அட்டவணையை அறிந்தவன் இளைஞன். சொல்லை அறிந்தவர் முதியவர். ஒருவரின்றி மற்றவரால் இது முடிந்திராது.

ஆதலின் இளைஞர்காள், உங்களை வேண்டுவன மூன்று. வீட்டிலும் கோயிலிலும் பாடசாலையிலும் கிடக்கும் பழைய கோப்புகளை, அவை திறக்கும் காலத்திலேயே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றிய பின்னும் மூலக் கோப்பை எறிந்துவிடாதீர்கள். அது எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். இரண்டாவது, வலைப்பக்கம் ஆக்கும்போது அது இன்ன குறியேற்றத்தில் உள்ளது என்பதைத் தலையிலேயே எழுதுங்கள். உலாவியை ஊகிக்க விடாதீர்கள். மூன்றாவது, மாற்றிய எழுத்தைப் பெரியவர் ஒருவரின் முன் வாசித்துக் காட்டுங்கள்.

பெரியோர்களை வேண்டுவது ஒன்றே. கணினி இளையவர் பொருள் என ஒதுங்கி நில்லாதீர்கள். உங்கள் செவி இல்லாமல் எங்கள் திரை செம்மையுறாது.

மீட்கப்பட்ட அக்கட்டுரை இம்மலரின் பிற்பகுதியில் வெளியாகின்றது. தண்டயல்மாரின் பெயர்களும், வள்ளங்களின் பெயர்களும், காற்றுக்கு அவர்கள் இட்ட பெயர்களும் அதிலே உள்ளன. அதன் முதற் சொல் எமதூரின் பெயர். இம்முறை அது தகரத்தோடு தொடங்குகின்றது.